சாய்த்த ராஜா

இல்லீங்க சார், உக்கார வரலை. நின்னுக்கிட்டே பேசறேன், அப்பத்தான் எனக்குப் பேச்சு ஒழுங்கா வரும். என்னது? ஏன் சார்னு கூப்பிடறேன்னா? இன்னிக்கு சார்தான். நேத்து நம்ம கிளப்புல முடிஞ்ச செஸ் போட்டிக்கு நீங்க செயலாளர் ஆரோக்கியநாதன். நான் மேரிராணி, கடைசி ரவுண்டுல வெள்ளைக்காய் ஆடினவ. உங்க மேல உங்ககிட்டயே புகார் சொல்ல வந்திருக்கேன். முறை வெச்சுக் கூப்பிட்டேன்னா உடனே வாம்மா, காப்பி குடிம்மான்னு ஆரம்பிச்சிடுவீங்க. நான் வந்த காரியம் அந்தக் காப்பியோட ஆறிப்போயிடும்.

அத்தை, எனக்குக் காப்பி வேண்டாங்க. கோவிச்சுக்காதீங்க, உங்க மேல ஒண்ணுமில்ல. நீங்க எப்பவும் போல அத்தைதான். சார் மட்டும்தான் இன்னிக்கு சார்.

விஷயம் இதுதான். நேத்து சாயங்காலம் கரும்பலகையில என் பேருக்கும் உங்க மகன் பேருக்கும் நடுவுல சாக்பீஸால சமம்னு எழுதினீங்களே, அது பொய். நான் ஜெயிச்சேன், அருள்ஜோசப் தோத்தாரு. ஏன் முழிக்கிறீங்க? பேரைச் சொல்றேன்னா? போட்டியில அவரு என் எதிராளி. எதிராளிக்குப் பேர் இருக்குமில்ல?

நான் ஜெயிச்சா தர்மபுரி ஜில்லா சார்பா மெட்ராஸ் போட்டிக்கு நான் போறேன். சமம்னா, அரைப் பாயிண்ட் முன்னாடி இருக்கிற உங்க மகன் போறாரு. அவ்வளவுதான். எனக்கு மெட்ராஸ் போகணும். ஆமா, ஆசைதான். ஆசையை உள்ள வெச்சுக்கிட்டு வெளியில நியாயம் மட்டும் பேச எனக்கு வராது. ரெண்டையும் சேத்தே பேசறேன்.

அதை இப்ப எடுக்காதீங்க சார். குடும்ப விஷயம் வேற, இது வேற. எங்க யுனிவர்சிட்டியில விவாத மேடையில ஒரு விதி உண்டு. ஒரு வாதத்தை முடிச்சிட்டுத்தான் அடுத்ததைத் தொடணும். நீங்க பாதியில தாண்டினா நான் மறுபடி முதல்லருந்து ஆரம்பிப்பேன். உங்களுக்குத்தான் நேரம் போகும்.

சரி, ஆட்டத்துக்கு வர்றேன். பாத்தேன், பாத்தேன்கிறீங்க. பாத்தீங்கதான். என்னத்தைப் பாத்தீங்கன்னுதான் எனக்குச் சந்தேகம்.

நான் ராணிக்கு முன்னாடி நிக்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளினேன். உங்க மகன் குதிரைக்கு முன்னாடி நிக்கிற சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினாரு. பின்னாடி நின்னவங்க சிரிச்சாங்க. பெங்களூர் ஃபேக்டரி கேண்டீன்ல பெரிய சாம்பியன்னாங்க, ஒரு கட்டத்துக்கு மேல தைரியம் வரலையான்னு ஒருத்தர் கேட்டாரு. நான் சிரிக்கலை. ஏன்னா அது பயம் இல்ல, பழக்கம். நம்ம ஊர் ஆட்டத்துல சிப்பாய்க்கு எப்பவும் ஒரு கட்டம்தான். நீங்க சின்ன வயசுல அவருக்கு அப்படித்தானே சொல்லிக் கொடுத்தீங்க? அப்பறம் ஃபேக்டரியில போய் உலக விதியெல்லாம் கத்துக்கிட்டாரு, ஆனா கை இன்னும் இந்த வீட்டுக் கைதான்.

இதுல ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அந்தச் சந்துல மந்திரியை ஒளிச்சு வெச்சு, நடுவுல எதிராளியை வரவிட்டு அடிக்கிறாங்களே, அந்த ஆரம்பத்துக்கு எங்க லைப்ரரி புஸ்தகத்துல இந்தியன்னே பேர் போட்டிருக்குது. நம்மாளுங்க இப்படி ஆடினதைப் பாத்துட்டு வெள்ளைக்காரன் வெச்ச பேராம். நான் அதை எங்க படிச்சேன்னு நினைக்கிறீங்க? தினம் பெங்களூருக்குப் போற பஸ்ஸுலதான். அத்திப்பள்ளி செக்போஸ்ட்ல லாரிங்களுக்குப் பின்னாடி பஸ் நின்னுச்சுன்னா, மத்தவங்க எல்லாம் டிரைவரைத் திட்டுவாங்க, நான் ஒரு பக்கம் படிச்சு முடிச்சிருப்பேன். உங்க மகனுக்கு அந்தப் பேர் தெரியாது. தெரியாமயே அவ்வளவு அழகா ஆரம்பிச்சாரு. அதைச் சொல்றதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. நல்லா ஆடினாரு சார். ஒவ்வொரு காயையும் நான் ரெண்டு தடவை யோசிச்சுத்தான் நகர்த்தினேன்.

அப்பறம்தான் அந்த மந்திரியைக் கொடுத்து என் குதிரையை வெட்டினாரு. மந்திரி நின்ன வீடு காலியாச்சு. ராஜாவைப் பத்திரமா ஒதுக்கணும். உலக விதியில அதுக்கு ஒரு வழி இருக்குது, ராஜாவையும் யானையையும் ஒரே நேரத்துல நகர்த்தறது. அவருக்கு அது நல்லாவே தெரியும், முந்தின ரவுண்டுல பண்ணினாரு. ஆனா அந்த நிமிஷம் என்ன பண்ணினாரு? ராஜாவைத் தூக்கி, குதிரை மாதிரி ஒரு தாண்டு தாண்டி, அந்தக் காலி வீட்டுல வெச்சாரு. நம்ம ஊர் ஆட்டத்துல அது செல்லும். ராஜா ஒரு தடவை குதிரை மாதிரி தாண்டலாம். பேரிகையில ஒரு மாதிரி, ராயக்கோட்டையில ஒரு மாதிரி, செக் வாங்கியிருந்தா தாண்டலாமா கூடாதான்னு ஊருக்கு ஊர் சண்டை. ஆனா உலகத்துல வேற எங்கயும் ராஜா குதிரை ஆக மாட்டான் சார்.

சிரிக்காதீங்க. அங்கயும் யாரும் சிரிக்கலை. நடுவரா உக்காந்திருந்த கௌஸ் மொய்தீன் பாய் மெதுவா சொன்னாரு, தொட்ட காயைத்தான் நகர்த்தணும் தம்பி, தாண்டக் கூடாது, ஒரு கட்டம் போலாம்னு. உடனே நீங்க நாற்காலியை விட்டு எந்திரிச்சு வந்தீங்க. கைப் பழக்கம் பாய், சின்ன விஷயம், திருப்பி வெச்சு ஆடட்டும்னீங்க. அதோட விட்டீங்களா? என் பக்கம் திரும்பி, விட்டுக் கொடும்மான்னீங்க.

நான் மாட்டேன்னேன்.

அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் எனக்குப் புத்தி சொல்ல ஆரம்பிச்சிடுச்சு. கன்னடத்துல ஒருத்தர் பிடம்மா, பிடுன்னு சொல்றாரு. தெலுங்குல ஒருத்தர் போனீலேம்மாங்கறாரு. தமிழ்ல எங்க அப்பா, ஆமா, பெத்த அப்பா அற்புதராஜே, விட்டுத்தள்ளு ராணிங்கறாரு. மூணு பாஷையிலயும் பொம்பளைக்குச் சொல்றதுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வெச்சிருக்கீங்க. இவ்வளவு பாஷை பேசற ஊர்ல, நீ சொல்றது சரிதாம்மான்னு ஒரு பாஷையிலயாவது யாராவது சொல்லுவாங்களான்னு பாத்தேன்.

ஒருத்தர் சொன்னாரு. உங்க மகன். தப்பு என்னுதுன்னு சொல்லிட்டு, ராஜாவை ஒரு கட்டம் பக்கத்துல வெச்சாரு. உங்களை நிமிந்து கூடப் பாக்கலை.

நான் என் மந்திரியைக் கொண்டுபோய் அந்த ராஜாவுக்கு செக் வெச்சேன். ராஜா இன்னும் ஒரு கட்டம் உள்ள ஒதுங்கினாரு, மூலையில நின்ன யானைக்கு வெளியில வர வழி அடைஞ்சு போச்சு. அதுக்கப்பறம் அவரு ஒரு யானை இல்லாமதான் ஆடினாரு. இருந்தும் லேசுல விடலை. ஒவ்வொரு காயா வெட்டி, வெட்டி, கடைசியில எனக்கு ராஜா, யானை, ஒரு சிப்பாய். அவருக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும். நான் அந்தச் சிப்பாயையும் வெட்டினேன். இப்ப அவருக்கு ஒத்தை ராஜா. இன்னும் கொஞ்ச நேரம் ஆடினா மூலையில தள்ளி முடிச்சிருப்பேன், அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், கதவோரம் சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னவருக்கும் தெரியும்.

உங்க மகன் அந்த ராஜாவை ஒரு விரலால சாய்ச்சாரு. போர்டு மேல படுக்க வெச்சாரு. நல்லா ஆடினீங்கன்னு சொல்லிக் கையை நீட்டினாரு.

அந்த நிமிஷம் எனக்கு அவரு மேல வந்த மரியாதை இருக்குதே சார், அது உங்களுக்குப் புரியாது. அவ்வளவு பேருக்கு முன்னாடி, ஒரு பொண்ணுகிட்ட தோத்தேன்னு முகம் சுருங்காம சொல்ற ஆம்பளையை நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. எங்க கிளாஸ்ல விவாதத்துல தோத்துட்டு, மைக் சரியில்லைன்னு சொல்றவங்களைத்தான் பாத்திருக்கேன். நானும் கையை நீட்டினேன்.

கை போய்ச் சேரலை. நடுவுல உங்க கை வந்துச்சு. சாஞ்சு கிடந்த ராஜாவை எடுத்து, நிமித்தி, அதே கட்டத்துல வெச்சீங்க. ஒத்தை ராஜா ஆயிடுச்சு, நம்ம வழக்கப்படி ஆட்டம் சமம்னீங்க. எதிராளிகிட்ட ஒரு காயாவது மிச்சம் இருக்கறப்பவே முடிச்சிருக்கணும், எல்லாத்தையும் வெட்டிட்டா ஜெயிப்பு கிடையாதுன்னீங்க. ரொம்பப் பேராசைப்பட்டுட்டியேம்மான்னு ஒரு சிரிப்பு வேற.

பழைய வழக்கம்தானே, நான் இல்லைங்கலை. பொறுங்க, பதில் சொல்லத்தானே வந்தேன். முதல் கேள்வி. போட்டிக்கு நோட்டீஸ் அடிச்சு பஸ் ஸ்டாண்டுல ஒட்டினது யாரு? அதுல அகில உலக விதிகளின்படின்னு கொட்டை எழுத்துல போட்டது யாரு? கீழ யார் பேரு? ஆ, அச்சாபீஸ்காரன் சேத்துட்டானா? நல்லது. அவனையே செயலாளரா வெச்சிருக்கலாம், விதியாவது தெரிஞ்சிருக்கும்.

ரெண்டாவது. ராயக்கோட்டை தக்காளி மண்டி வெங்கடப்பன் முதல் நாள் ஆடினாரே, அவருக்கும் ஒத்தை ராஜாதான் மிஞ்சுச்சு. அவரு இதே வழக்கத்தைச் சொல்லி சமம் கேட்டாரு. நீங்க என்ன சொன்னீங்க? அதெல்லாம் வீட்டு விளையாட்டுல வெச்சுக்குங்க, இது போட்டின்னு சொல்லி அனுப்பிட்டீங்க. பாவம், துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனாரு. வெங்கடப்பனுக்குத் தோல்வி, உங்க மகனுக்கு மட்டும் வழக்கமா? நிலாவுல மனுசன் போய் இறங்கியாச்சு சார். அங்கருந்து பாத்தா இந்த ஒசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவுல ஸ்டேட் எல்லைக் கோடே தெரியாதாம். நீங்க ஒரே போர்டு மேல ரெண்டு விதிக்குக் கோடு போடறீங்க.

மூணாவது. உங்க வழக்கத்தையே ஒத்துக்கறேன்னு வைங்க. அப்பவும் அவரு ராஜாவைச் சாய்ச்சுட்டாரு. தோல்வியை ஆடினவரே ஒத்துக்கிட்டா ஆட்டம் அங்க முடிஞ்சுது. முடிஞ்ச ஆட்டத்துக்கு எந்த ஊர் வழக்கமும் கிடையாது. செத்தவங்களை எழுப்பறதுக்கு நம்ம மதத்துல ஒருத்தருக்குத்தான் அதிகாரம், அவரு நம்ம கிளப்புல மெம்பர் இல்ல.

அத்தை சிரிக்கிறாங்க பாருங்க. நீங்க மட்டும் ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க?

காந்தி நூற்றாண்டுக்குன்னு நடத்தின போட்டி இது. நேத்து காலையில அவர் படத்துக்கு மாலை போட்டுட்டு, உண்மைதான் கடவுள்னு அரை மணி நேரம் பேசினீங்க. நான் முன் வரிசையில உக்காந்து கை தட்டினேன். இப்ப அந்தத் தட்டினதைத் திருப்பி வாங்கிக்கலாமான்னு இருக்குது.

என்ன, மெட்ராஸுக்கு ஒரு பொண்ணைத் தனியா எப்படி அனுப்பறதுன்னா? அட, பதுக்கி வெச்ச கோடவுன் கதவு இப்பத்தான் திறக்குது. முதல்ல வழக்கம்னீங்க, இப்ப ரயிலாங்க சார்? தினம் காலையில முட்டி மோதி பெங்களூர் பஸ் ஏறறப்ப நான் தனியாத்தான் ஏறறேன். நீங்க யாரும் வந்து சீட்டுப் பிடிச்சுக் கொடுக்கலை. கௌஸ் பாய் நடுவரா மெட்ராஸ் வர்றாரு, அவரு சம்சாரம் தில்ஷாத் அக்காவும் கூட வர்றாங்க. அக்கா என்கிட்ட, நீ ஜெயி, நாம சேந்து கடல் பாக்கலாம்னு சொல்லி வெச்சிருந்தாங்க. நேத்து அவங்க முகத்தை என்னால பாக்கவே முடியலை.

பாய் சொன்னதை நீங்க கேட்டீங்க, கேக்காத மாதிரி இருந்தீங்க. பொண்ணு ஜெயிச்சிருச்சு சாப்னு சொன்னாரா இல்லையா? நீங்க கனைச்சுக்கிட்டே சாக்பீஸை எடுத்தீங்க. நடுவர் பேச்சுக்கு மேல செயலாளர் சாக்பீஸ்.

என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க.

யார் போனா என்னம்மா, கப் எப்படியும் ஒரே வீட்டுக்குத்தானே வரப்போகுதுன்னா?

சரி. நான் எடுக்கலை, கவனிச்சுக்குங்க. இவ்வளவு நேரம் நான் அதைத் தொடவே இல்ல. நீங்களே எடுத்து வெச்சுட்டீங்க. தொட்ட காயைத்தானே நகர்த்தணும், நகர்த்துங்க. சொல்லுங்க முழுசா. கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்டாட்டிகிட்ட தோத்தவன்னு ஊர் பேசும், அதுக்காகத்தான் நிமித்தினேன்னு சொல்லுங்க. மருமகளா வரப்போறவ நாலு ஆம்பளைங்களோட மெட்ராஸ் போனா மரியாதையா இருக்காதுன்னும் சேத்துக்குங்க. அதுக்கு நம்ம பக்கத்து வழக்கத்தை ஏன் இழுத்தீங்க? வழக்கம் என்ன பாவம் பண்ணுச்சு?

இல்லீங்க, அழலை. கோவம் வந்தா எனக்குக் கண்ணு இப்படித்தான் ஆகும்.

நீங்க பண்ணினது எனக்குப் பெருசில்ல சார். நிசமாத்தான் சொல்றேன். அப்பாமார் எல்லாரும் அப்படித்தான், எங்க அப்பாவும் நேத்து வீட்டுக்குப் போற வழியெல்லாம், நல்லதுதான் ராணி, சமம்னா ரெண்டு வீட்டுக்கும் நல்லதுன்னுதான் சொல்லிக்கிட்டு வந்தாரு. நான் கேக்கறது வேற. நீங்க ராஜாவை நிமித்தி வெச்சப்ப, உங்க மகன் என்ன பண்ணினாரு? நீட்டின கையை மடியில வெச்சுக்கிட்டாரு. தாண்டக் கூடாதுன்னதும் தப்பு என்னுதுன்னு சொன்ன அதே வாய், இப்ப ஒரு வார்த்தை, நான் தோத்துட்டேன் அப்பான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லலை. நான் அவரையே பாத்துக்கிட்டிருந்தேன். அவரு போர்டைப் பாத்துக்கிட்டிருந்தாரு. அப்பறம் நீங்க காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டாரு.

ஷிஃப்டுக்குப் போயிட்டாரா? சரி, போகட்டும். நாளைக்குச் சாயங்காலம் வருவாரில்ல? வந்ததும் சொல்லுங்க. கிளப்புக்குப் போய், பாய்கிட்ட வாயால சொன்னாப் போதும். கரும்பலகையை அவரே அழிச்சு எழுதினா இன்னும் சந்தோஷம். மெட்ராஸுக்கு அப்பறம் யாரு போனாலும் சரி, அவரே போகட்டும், நான் ரயிலடிக்கு வந்து வழியனுப்பறேன்.

சொல்லலைன்னா?

நாளை மறுநாள் ஞாயித்துக்கிழமை. பூசையில எங்க கல்யாண ஓலையை மூணாவது தடவை வாசிக்கப் போறாங்க. அருள்ஜோசப்புக்கும் மேரிராணிக்கும் விவாகம், தடை ஏதும் தெரிஞ்சவங்க வந்து சொல்லணும்னு. முதல் ரெண்டு வாரமும் வாசிக்கறப்ப நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டு உள்ளுக்குள்ள சிரிச்சுட்டு உக்காந்திருந்தேன். இப்பல்லாம் சாமியார் முதுகைக் காட்டி நிக்கிறதில்ல, சனங்களைப் பாத்துத்தான் பூசை வெக்கிறாரு. நான் எந்திரிச்சு நின்னா அவருக்குத் தெரியும். என்னம்மா தடைன்னு கேப்பாரு. எனக்கு அருள்ஜோசப்னு ரெண்டு பேரைத் தெரியும் சாமி, தோத்தேன்னு ராஜாவைச் சாய்ச்சவரு ஒருத்தரு, அதை அப்பா நிமித்தி வெச்சதும் வாயை மூடிக்கிட்டவரு ஒருத்தரு, நீங்க வாசிச்ச ஓலையில இருக்கறது யாருன்னு கேப்பேன்.